தோழிகள் முன்னே போகட்டும், நீங்கள் நீலச் சரிவில் நில்லுங்கள்

கேள்வி: நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வசிக்கிறேன், வயது 34. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குல்மார்க்கில் ஒரு வாரப் பயிற்சி முகாமில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன். பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டிவைக்கும் ஸ்னோபிளவ் நிலையில் மெதுவாகத் திரும்பவும் நிற்கவும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழிகள் மூவர், வரும் ஜனவரிக் கடைசியில் ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டனுக்கு ஆறு நாள் பயணமாக என்னையும் அழைத்திருக்கிறார்கள். அவர்கள் ஆண்டு தவறாமல் ஆல்ப்ஸ் மலையில் சறுக்குபவர்கள். “எங்களோடு சிவப்புச் சரிவுக்கு வந்துவிடு, தானாகப் பழகிவிடும்” என்கிறார்கள். அவர்களுக்குச் சுமையாகிவிடுவேனோ என்ற பயமும், இந்த முறை உருப்படியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்தே இருக்கின்றன. இங்கிருந்தபடி என்ன தயாரிப்பு செய்யலாம், அங்கே எப்படி நடந்துகொள்வது என்று சொல்லுங்கள் ஐயா. – ஒரு வாசகி, சேலம்.

பதில் அளிப்பவர்: ஓய்வு பெற்ற ராணுவப் பனிச்சறுக்குப் பயிற்றுநர், ஏற்காடு.

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். தோழிகளின் அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் வழியை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சிவப்புச் சரிவில் தானாகப் பழகிவிடும் என்பது அன்போடு சொல்லப்படும் வார்த்தைதான் என்றாலும், அது பலரை ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் நிறுத்திவைத்திருக்கிறது. உடல் வலுவிலும் துணிவிலும் எந்தக் குறையும் இல்லாத இளம் வீரர்களுக்குப் பல குளிர்காலங்கள் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர்களே தங்கள் திறமைக்கு மீறிய சரிவில் நிறுத்தப்பட்டபோது, முந்தைய நாள் எளிய சரிவில் அழகாகச் செய்ததை அடியோடு மறந்துபோனதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இதற்கான காரணம் உடலின் இயல்பிலேயே இருக்கிறது. சரிவு செங்குத்தாகக் கண்ணில் பட்டவுடன், விழுந்துவிடுவோம் என்று அஞ்சும் உடல் மலைப்பக்கமாகச் சாய்கிறது. இடுப்பு பின்னுக்குப் போகிறது. தரையில் நம்மைக் காப்பாற்றும் இந்த எச்சரிக்கை பனியின் மேல் நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஸ்கீ பலகை நாம் நினைத்தபடி திரும்ப வேண்டுமானால் அதன் முன்பகுதியில் போதிய எடை இருக்க வேண்டும். திருப்பத்தின்போது வளைவின் வெளிப்புறத்தில் இருக்கும் பலகை, அதாவது திருப்பம் முடிகையில் பள்ளத்தாக்குப் பக்கம் வந்து நிற்கும் பலகை, எடையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் பலகையின் முனை லேசாகிச் சொன்னபடி கேட்காது. மலைப்பக்கம் சாய்ந்தால் வெளிப்புறப் பலகை பிடிமானம் இழந்து வழுக்கும். அதனால் வேகம் கூடுகிறது, பயமும் கூடுகிறது, உடல் இன்னும் பின்னால் சாய்கிறது. மாலையில் ‘எப்படியோ இறங்கிவிட்டேன்’ என்ற நிறைவு இருக்கலாம். ஆனால் அன்று முழுவதும் உடல் பழகிக்கொண்டது தவறான நிலையைத்தான், அதை மாற்றுவது புதிதாகக் கற்றுக்கொள்வதைவிடக் கடினம்.

ஆஸ்திரியாவில் சரிவுகளை நீலம், சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறங்களில் குறிக்கிறார்கள். நீலச் சரிவின் சாய்வு, சில குறுகிய இடங்கள் நீங்கலாக, 25 விழுக்காட்டுக்குள் இருக்கும். அதாவது கிடைமட்டமாக 100 மீட்டர் கடக்கும்போது அதிகபட்சம் 25 மீட்டர் இறங்குவீர்கள். சிவப்பில் அது 40 விழுக்காடு வரை போகும். ஆனால் நிறம் சாய்வைத்தான் சொல்கிறது. அன்றைய பனி இறுகிக் கண்ணாடி போல் கிடக்கிறதா, பாதை குறுகலா, கூட்டம் எவ்வளவு என்பதையெல்லாம் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சாங்க்ட் அன்டனைப் பொறுத்தவரை, அங்குள்ள நீலச் சரிவுகள் வேறு ஊர்களின் சிவப்புக்குச் சமம் என்பது அங்கே போய்வந்தவர்களிடையே வழக்கமாகப் பேசப்படும் ஒன்று. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊரை நோக்கி இறங்கும் பாதைகளில் பனி மேடும் பள்ளமுமாகச் சிதைந்து, நெரிசலும் சேர்ந்துகொள்ளும். நாள் முழுவதும் நன்றாகச் சறுக்கியவர்கள்கூட அந்தக் கடைசி இறக்கத்தில் நம்பிக்கை இழப்பதுண்டு. நீங்கள் கேபிள் காரிலேயே இறங்கிவிடுங்கள். அதில் குறைவு ஏதும் இல்லை.

மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டுகளுக்கு வாங்கும் அதே பயணச்சீட்டில் உங்களுக்கு வேறொரு நல்ல இடமும் கிடைக்கிறது. 2016-இல் ஃப்ளெக்சன் கேபிள் கார் வந்தபிறகு சாங்க்ட் அன்டனும், ஸ்யூர்ஸும், லெக் என்ற ஊரும் லிஃப்டுகளால் ஒரே வலையாக இணைந்துவிட்டன. லெக் ஊருக்கு மேலே அகலமான, மென்மையான நீலச் சரிவுகள் உள்ளன, பேருந்திலும் போகலாம். ஆறு நாட்களில் இரண்டு நாட்களையாவது அங்கே கழிக்கும்படி தோழிகளிடம் இப்போதே பேசிவையுங்கள். அவர்களுக்கும் அங்கே சிவப்பும் கறுப்பும் வேண்டிய அளவு உண்டு என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

பயிற்றுநரை அமர்த்த வேண்டுமா என்றால், கட்டாயம் அமர்த்துங்கள். முதல் மூன்று நாட்கள் காலை வேளைகளில் வகுப்புக்குப் போவது, இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் செலவுகளிலேயே பயன் மிக்கதாக இருக்கும். நீங்கள் போகும் ஊரே பனிச்சறுக்குக் கல்விக்குப் பேர்போனது. ஹான்னஸ் ஷ்னைடர் என்பவர் 1921-இல் அங்கே தொடங்கிய பள்ளியில்தான், மாணவர்களைத் திறமைப்படி குழுக்களாகப் பிரித்து, ஸ்னோபிளவ் நிலையிலிருந்து படிப்படியாக வேகமான திருப்பங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆர்ல்பெர்க் முறை உலகறிந்த முறையாக வளர்ந்தது. ஆங்கிலத்தில் வகுப்புகள் கிடைக்கும். குழு வகுப்பில் சேர்வதானால் உங்கள் நிலையை உள்ளபடி சொல்லுங்கள். கூச்சத்தால் கூட்டிச் சொன்னால் முதல் மணி நேரத்திலேயே தவறான குழுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

தோழிகளே சொல்லிக்கொடுக்க மாட்டார்களா என்ற கேள்வி எழலாம். நன்றாகச் சறுக்குவது வேறு, சறுக்கக் கற்பிப்பது வேறு. நெடுநாள் பழகியவர் தாம் எப்படித் திரும்புகிறோம் என்பதைச் சிந்திப்பதில்லை. ஆகவே “காலை மடக்கு”, “பயப்படாதே”, “என்னைப் பார்” என்றுதான் சொல்ல முடியும். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் இருப்பதும் குழம்பும். ஆனால் அவர்களால் வேறு விதத்தில் பேருதவி செய்ய முடியும். மதியத்துக்குமேல் நீலச் சரிவில் ஒருவர் மட்டும் உங்களுக்கு முன்னால் மெதுவாக, அகலமான வளைவுகளாகப் போகட்டும். அவருடைய தடத்திலேயே நீங்கள் தொடருங்கள். எங்கே திரும்பத் தொடங்குவது, எவ்வளவு நேரம் திருப்பத்தில் இருப்பது என்பது சொல்லாமலே உடலில் படியும். இன்னொருவர் கீழே நின்று கைபேசியில் சிறிது நேரம் காணொளி எடுக்கட்டும். மறுநாள் காலை அதைப் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, பழகிய நண்பர்களோடு போகும் புதியவர் அனைவருக்கும் நேரும், யாரும் வேண்டுமென்று செய்யாத ஓர் அநியாயம். மூவரும் வேகமாக இறங்கிப்போய் ஓரிடத்தில் நின்று, பேசி, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி உங்களுக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் தொடை நடுங்க அங்கே வந்து நின்றதும், “வந்துட்டியா, சரி போலாம்” என்று கிளம்பிவிடுவார்கள். அதிக ஓய்வு தேவைப்படுகிற ஒருவருக்கு ஓய்வே கிடைக்காது. மூவருக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓய்வு. இப்படி இரண்டு மணி நேரம் போனால், உங்கள் கால் தளர்வதற்குக் காரணம் பயிற்சிக் குறைவு என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆகவே கிளம்புவதற்கு முன்பே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: கடைசியாக வந்தவர் மூச்சு வாங்கி, “போகலாம்” என்று சொன்ன பிறகே எல்லோரும் நகர வேண்டும். இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். காலையில் நீங்கள் வகுப்பில் இருக்கையில் அவர்கள் தங்களுக்குப் பிடித்த சரிவுகளுக்குப் போகிறார்கள். மதியம் இன்ன லிஃப்டின் அடியில் இன்ன நேரம் என்று சந்திக்கிறீர்கள். இந்த ஏற்பாட்டில் நீங்கள் யாருக்கும் சுமை இல்லை.

எளிய சரிவில் எதைப் பழகுவது என்று பார்ப்போம். முதலாவது பக்கவாட்டில் வழுக்கி இறங்குதல். சரிவுக்குக் குறுக்காக, இரண்டு பலகைகளும் இணையாக இருக்க, பள்ளத்தாக்குப் பக்கப் பலகையின் மேல் எடை வைத்து நில்லுங்கள். பலகைகளின் மலைப்பக்க விளிம்புகள் பனியைக் கவ்வியிருப்பதால் நீங்கள் அசையாமல் நிற்பீர்கள். இப்போது முழங்கால்களை மெல்லப் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்த்தால் விளிம்பின் பிடி தளர்ந்து, பனியைச் சுரண்டும் ஓசையோடு பலகைகள் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கும். முழங்கால்களைத் திரும்ப மலைப்பக்கம் கொண்டுவந்தால் நின்றுவிடும். ஒரு கை அகலம் வழுக்கி நில்லுங்கள், பிறகு இரண்டு மீட்டர் வழுக்கி நில்லுங்கள், இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்யுங்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும் இந்தப் பயிற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். இதைக் கைவசப்படுத்தியவர், வழி தவறி எவ்வளவு செங்குத்தான இடத்தில் போய் நின்றாலும், ஒரு திருப்பம்கூட எடுக்காமல் பத்திரமாக இறங்கிவிட முடியும். அந்த உறுதி மனத்தில் வந்தபிறகு உடல் மலைப்பக்கம் சாய்வதும் தானாகக் குறையும்.

இரண்டாவது, வேகத்தைத் திருப்பத்தால் கட்டுப்படுத்துவது. ஸ்னோபிளவில் கால்களை அகட்டி அழுத்தி வேகத்தைக் குறைக்கத்தான் உங்களுக்குக் கற்றுத்தந்திருப்பார்கள். சாய்வு கூடும்போது அந்த அழுத்தம் தொடையைச் சோர்வடையச் செய்யும், ஓர் அளவுக்குமேல் பலிக்கவும் செய்யாது. நம் ஏற்காட்டுச் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளோடு மலையைக் குறுக்காகவே கடந்து கடந்து இறங்குவதால்தான் அவ்வளவு உயரத்திலிருந்தும் பேருந்து நிதானமாக வந்து சேர்கிறது. பனியிலும் உங்கள் தடம் அப்படித்தான் அமைய வேண்டும். ஒவ்வொரு திருப்பத்தையும் அவசரமாக முடிக்காமல், பலகைகள் சரிவுக்கு முழுக்கக் குறுக்காக வரும் வரை, தேவைப்பட்டால் சற்றே மேல்நோக்கும் வரை, தொடருங்கள். வேகம் தானே அடங்கும், அதன்பின் அடுத்த திருப்பத்தைத் தொடங்குங்கள். திருப்பத்தைச் சிறிய ஸ்னோபிளவில் தொடங்கி, பாதி வளைவு கடந்ததும் உட்புறப் பலகையை வெளிப்புறப் பலகைக்கு இணையாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், நாளடைவில் தொடக்கத்திலும் கால்கள் இணையாகிவிடும். இதற்கெல்லாம் அடிப்படை, முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பு பூட்ஸின் முன் நாக்கை எப்போதும் தொட்டுக்கொண்டிருப்பதும், இரண்டு கைகளும் கண்பார்வையில் படும்படி முன்னால் இருப்பதும்தான். ஒரு கை பார்வையிலிருந்து மறைந்தால் இடுப்பு பின்னால் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

பின்னாலிருந்து வேகமாக வருபவர்களைப் பற்றிய பயமும் உங்களுக்கு இருக்கும். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகளின்படி, மேலிருந்து வருபவர்தான் கீழே இருப்பவருக்கு இடையூறின்றித் தம் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் உங்கள் வளைவை அமைதியாகப் போடுங்கள். குறுகலான இடத்திலும் மேட்டுக்கு அப்பால் மறைவாகவும் மட்டும் நிற்காதீர்கள்.

இனி இங்கே செய்ய வேண்டிய தயாரிப்பு. பயணத்துக்கு முன் மலையேறிப் பழக வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். மூச்சுக்கு அது நல்லதே. ஆனால் பனிச்சறுக்கில் ஏற்றத்தை லிஃப்ட் பார்த்துக்கொள்கிறது, உங்கள் கால்களுக்கு உள்ளது இறக்கம் மட்டுமே. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. சறுக்கும்போது அதற்கு நேர்வதும் பெரும்பாலும் இதுவே. ஆகவே சேலத்தில் இருப்பவருக்கு வாய்த்த ஒரு வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: பேருந்தில் ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். ஞாயிறு காலையில் சேர்வராயன் கோயில் வரை வண்டியில் வந்து, அங்கிருந்து ஏரி வரை முழங்காலைச் சற்று மடக்கியபடியே, சிறு அடி வைத்து, பாதம் ‘தொப்பென்று’ விழாமல் இறங்குங்கள். மூடுபனி விலகிய பிறகு, துணையோடு வாருங்கள். வாகனம் ஓடும் மலைப்பாதை வளைவுகளில் நடக்க வேண்டாம், காட்டெருமை நடமாட்டமும் உண்டு. வார நாட்களில் ஊத்துமலைப் படிகள் போதும்.

முதல் முறை இறங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும், மாடிப்படி இறங்கவே சிரமமாக இருக்கும். அது காயமல்ல, பழகாத தசை இறக்கத்தைத் தாங்கியதன் விளைவு. அதே இறக்கத்தை ஒரு வாரம் கழித்துச் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருப்பதைக் காண்பீர்கள், அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். இந்த முதல் வலி சேலத்தில் வந்துபோக வேண்டும். இல்லாவிட்டால் சாங்க்ட் அன்டனில் இரண்டாம் நாள் காலை வந்து நிற்கும். கடைசிக் கடினமான இறக்கத்தைப் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். இதோடு, ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று மறு குதிகாலை மெல்லத் தரை தொடும்வரை இறக்கி ஏற்றுவதையும், சுவரில் முதுகு சாய்த்து நாற்காலியில் அமர்ந்தாற்போல் நிற்பதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். படியில் இறங்குகையில் முழங்கால் உட்புறமாக மடிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். மடிந்தால் இடுப்பின் பக்கத் தசை பலவீனமாக இருக்கலாம், அதற்குரிய பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலில் ஏற்கெனவே வலியோ பழைய காயமோ இருந்தால் இவற்றைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

பெங்களூரிலிருந்து துபாய் வழியாகப் பறப்பதாக இருந்தால், விசாவும் நேரமும் அமைந்தால், 2005 முதல் இயங்கும் ஸ்கீ துபாய் உள்ளரங்கில் ஒரு வகுப்பு எடுத்துக்கொள்வது நல்லது. அங்குள்ள நீளமான சரிவு 400 மீட்டர்தான் என்றாலும், இரண்டு ஆண்டு இடைவெளியால் வந்த தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பலகை, பூட்ஸ் எதையும் வாங்க வேண்டாம். போய்ச் சேர்ந்த மாலையே வாடகைக் கடைக்குப் போய்விடுங்கள். பூட்ஸில் அவசரப்படாதீர்கள். நிமிர்ந்து நிற்கையில் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் தொடாமல் விலக வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும். பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பைண்டிங்கைப் பொருத்துகையில் உங்கள் எடை, உயரம், வயது, எந்த வகைச் சறுக்குநர் என்பதையெல்லாம் கேட்டு, எவ்வளவு விசையில் பூட்ஸ் விடுபட வேண்டும் என்று கணக்கிடுவார்கள். நிதானமாகச் சறுக்குபவர் என்ற முதல் வகையையே சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் தோழி ‘நடுத்தரம்னு சொல்லு’ என்றால் கேட்காதீர்கள். அளவு கூடினால், மெதுவாக விழும்போது பலகை கழலாமல் காலை முறுக்கும். முழங்கால் தசைநார் கிழிவது பெரும்பாலும் இத்தகைய முறுக்கத்தால்தான். பைண்டிங் சரியாக இருந்தாலும் எல்லாக் காயத்தையும் அது தடுத்துவிடாது என்பதால், விழுந்தபின் வழுக்கிக்கொண்டு போவது முழுவதும் நிற்கும்வரை எழ முயலாதீர்கள்.

தடத்துக்கு வெளியே உள்ள பனிக்குத் தோழிகள் போனால், அந்த நேரத்தில் நீங்கள் அவர்களோடு இருக்கவே கூடாது. பனிச்சரிவு அபாயத்தை ஐரோப்பாவில் 1 முதல் 5 வரை தினமும் அறிவிக்கிறார்கள். புதைந்தவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே வேகமாகக் குறையத் தொடங்கிவிடுவதால், தேடும் கருவியும் மண்வாரியும் துழாவும் கம்பியும் இல்லாமல், அவற்றைப் பயன்படுத்தப் பழகாமல் அங்கே போவது துணிவாகாது. “இந்த ஒரு இடம் மட்டும், ரொம்ப ஈஸி” என்று அழைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

பயணக் காப்பீடு வாங்குமுன், பனிச்சறுக்கும் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பல காப்பீடுகளில் சாகச விளையாட்டுகளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஆஸ்திரியாவில் மலை மீட்பு எண் 140, ஐரோப்பியப் பொது அவசர எண் 112. இரண்டையும் கைபேசியில் பதிந்துகொண்டு, காப்பீட்டுச் சான்றின் நகலை ஒரு தோழியிடமும் கொடுத்துவையுங்கள்.